விசுவாசம் குறைந்துவிட்டதா? மனநோயும் கிறிஸ்தவ நம்பிக்கையும்

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் திருமண ஆராதனைகளில் அடிக்கடி வாசிக்கப்படுவதால், அதன் கடைசி வசனம் பலருக்கு மனப்பாடம். சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது’ என்று அது அமைந்திருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே இடத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்று சொற்கள் நிற்கின்றன. ஒரு மொழிபெயர்ப்பில் இரண்டாவதாக வரும் ‘நம்பிக்கை’ இன்னொன்றில் முதலாவதாக வருகிறது. இது மொழிபெயர்ப்பாளர்களின் விருப்பு வெறுப்பு சார்ந்த சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் மனநோயோடு வாழும் ஒரு கிறிஸ்தவரின் துயரத்தில் பாதி, இந்தச் சொல்லின் இரட்டைப் பொருளுக்குள்தான் சிக்கிக் கிடக்கிறது.

பேச்சுத் தமிழில் கடவுளை நம்புவதும் நம்பிக்கைதான், நாளை விடியும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கைதான். ஆகவே மனச்சோர்வு நோயில் இருக்கும் ஒருவர் ‘எனக்கு நம்பிக்கையே இல்லை’ என்று சொல்லும்போது, நாளை என்ற ஒன்று தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதையே அவர் சொல்கிறார். கேட்கிற வீட்டாரும் சபையாரும், அவர் கடவுளை நம்புவதை விட்டுவிட்டார் என்று புரிந்துகொள்கிறார்கள். உடனே புத்திமதி தொடங்குகிறது. நோயாளி தன் நோயின் ஓர் அறிகுறியைச் சொன்னதற்காகப் பாவி ஆகிவிடுகிறார். எதிர்நோக்கு என்ற தனிச்சொல்லைக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்தது இந்த வகையில் பெரிய உதவி என்றே நான் கருதுகிறேன். எதிர்நோக்கை இழந்தவரும் விசுவாசியாகவே இருக்கக்கூடும் என்று தமிழில் சொல்வதற்கு அது வழி திறந்துவிடுகிறது.

மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது, ஏதோ ஓர் இழப்புக்குப் பின் சில நாள் மனம் வாடியிருப்பதை அல்ல. குறைந்தது இரண்டு வாரங்களாவது நாளின் பெரும்பகுதி நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் குலைதல், காரணமற்ற அல்லது காரணத்தை மிஞ்சிய குற்ற உணர்வு, தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற எண்ணம், எதிர்காலம் இருண்டு தெரிவது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் குற்ற உணர்வையும் இருண்ட எதிர்காலத்தையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் விசுவாசம் தங்கியிருப்பதாக நாம் நினைக்கும் இடத்தையே அவை தாக்குகின்றன. நோய் எப்போதும் நோயாளிக்குத் தெரிந்த மொழியில்தான் பேசும். பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டுப் பழகியவருக்குச் சொத்தெல்லாம் அழிந்துவிட்டது என்று அது சொல்கிறது. சிறுவயது முதல் வேதவசனங்களோடு வளர்ந்தவருக்கு, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டாய், தேவன் உன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அது சொல்கிறது. ஓசிடி என்று பரவலாக அறியப்படும் எண்ணச் சுழற்சி நோயில், ஜெபிக்கும் நேரத்திலேயே தெய்வநிந்தனையான சொற்கள் விரும்பாமல் மனத்தில் ஓடி ஒருவரைப் பதறச் செய்யலாம். மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் இருமுனைக் கோளாற்றின் எழுச்சிக் கட்டத்தில் ஒருவர் தன்னைத் தீர்க்கதரிசி என்று நம்பலாம். அறிகுறி ஆன்மிக உடை அணிந்து வருவதால், காரணமும் ஆன்மிகமாகவே இருக்க வேண்டும் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

நோயின் குரலும் விசுவாசத்தின் குரலும் ஒரே மனிதருக்குள் எப்படிப் பின்னிக் கிடக்கும் என்பதற்கு, ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சியம் கிறிஸ்தவ வரலாற்றில் அதிகம் இல்லை. இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றிய அவருடைய ஞானப்பாட்டு தமிழ்ச் சபைகளிலும் பாடப்படுகிறது. பாடுகிறவர்களில் பெரும்பாலோர், அதை எழுதியவர் வாழ்நாள் முழுவதும் மனநோயோடு போராடியவர் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

கூப்பர் 1731-இல் இங்கிலாந்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதுக்குள் தாயை இழந்தார். சட்டம் படித்து, 1763-இல் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவிக்குப் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதற்காகச் சபையின் முன் தேர்வுக்கு நிற்க வேண்டும் என்ற அச்சமே அவரை முற்றாக உடைத்தது. தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் நத்தானியேல் காட்டன் என்ற மருத்துவர் நடத்திய இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். மனநோயாளிகளைச் சங்கிலியிட்டு அடைத்துவைப்பது வழக்கமாக இருந்த அந்தக் காலத்தில், காட்டன் நோயாளிகளைக் கனிவோடு நடத்தினார், அவர்களோடு உரையாடினார். 1764-இல் அந்த வீட்டில்தான் ரோமர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து கிருபாதார பலியாக நியமிக்கப்பட்டதைச் சொல்லும் 25-ஆம் வசனத்தைக் கூப்பர் வாசித்தார். தனக்கு மன்னிப்பு உண்டு என்ற ஒளி அப்போது தன்மேல் விழுந்ததாக அவர் பின்னர் எழுதினார். அந்த வசனம் அவரை வந்தடைந்தது ஒரு மருத்துவரின் பராமரிப்பில், பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு, உறங்கவும் உண்ணவும் மீண்டும் முடிந்த ஒரு காலத்தில். அருளையும் சிகிச்சையையும் அவர் வாழ்க்கையில் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது.

பக்திக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடும். கூப்பரின் வாழ்க்கை நிற்கவில்லை. அன்வின் குடும்பத்தாரோடு தங்கிய அவர், குடும்பத் தலைவர் 1767-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபின், மேரி அன்வின் அம்மையாரோடு ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே போதகராக இருந்தவர், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்த ஜான் நியூட்டன். இருவரும் சேர்ந்து ஓல்னி மக்களுக்காக ஞானப்பாட்டுகள் எழுதினார்கள். ஆனால் 1773-இன் தொடக்கத்தில் நோய் மீண்டும் வந்தது. தன் கதை முடிந்தது, தான் அழிந்துபோனவன் என்று அறிவிக்கும் குரல் ஒன்றைக் கனவில் கேட்டதாகக் கூப்பர் நம்பினார். தேவன் மற்ற எல்லோரையும் இரட்சிப்பார், தன்னை மட்டும் நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்பது அன்றுமுதல் அவருக்குள் அசைக்க முடியாத முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு சுமார் 27 ஆண்டுகள் உயிரோடிருந்தும், அவர் ஆலய ஆராதனைக்குத் திரும்பவில்லை.

அந்த 1773-இல் கூப்பர் நியூட்டனின் வீட்டுக்கு வந்தார், திரும்பிப் போக மறுத்தார். எல்லோரும், தன்னைப் பேணிய மேரி அன்வின் உட்பட, தன்னை வெறுப்பதாகவே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நியூட்டன் தம்பதியர் அவரை ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நியூட்டன் தர்க்கம் செய்து வெல்ல முயன்றிருக்கலாம், ஏனெனில் தேவன் ஒருவரை மட்டும் விதிவிலக்காக ஒதுக்குவதில்லை என்று நிரூபிக்க வசனங்களுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தர்க்கம் எதுவும் கூப்பரின் முடிவை அசைக்கவில்லை. வீட்டில் ஓர் அறையும், சாப்பாட்டு மேசையில் ஓர் இடமும், கூட நடக்க ஓர் ஆளும் மட்டும் அவருக்குத் தொடர்ந்து கிடைத்தன. தோட்ட வேலையும் தச்சு வேலையும் அவரை மெல்ல மீட்டெடுத்தன. பக்கத்து வீட்டார் கொடுத்த முயல்களை வளர்த்தார். 50 வயதை நெருங்கியபோது கவிதையில் முழுமூச்சாக இறங்கி, அக்காலத்தின் முன்னணிக் கவிஞர்களில் ஒருவரானார். அடிமை வணிகத்துக்கு எதிராகவும் அவர் எழுதிய கவிதைகள் பரவின. மேரி அன்வின் 1796-இல் இறந்தார். 1800 ஏப்ரல் 25-ஆம் தேதி கூப்பரும் இறந்தார். தான் கைவிடப்பட்டவன் என்ற எண்ணம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவே இல்லை.

இந்த முடிவை நான் மறைக்க விரும்பவில்லை. விசுவாசத்தால் மனநோய் தீரும் என்று சொல்கிற ஒருவருக்குக் கூப்பரின் வாழ்க்கை தோல்விக் கதையாகவே தெரியும். ஆனால் கிறிஸ்தவ எதிர்நோக்கு என்பது ஒருவரின் உள்ளுணர்வில் மட்டும் குடியிருக்கும் பொருள் அல்ல என்று ஏற்றுக்கொண்டால், கதை வேறாகத் தெரியத் தொடங்கும். கூப்பர் தனக்காக நம்ப முடியாமற்போன காலம் முழுவதும், அவருக்காக நம்பியவர்கள் அதே வீட்டில் இருந்தார்கள். அவருடைய பாடல்களை, அவரால் நுழைய முடியாத ஆலயத்தில், அவருடைய அயலகத்தார் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிச் சொல்வது நோயாளிக்கு ஆறுதல் தருவதற்காகப் புதிதாகக் கண்டுபிடித்த சமாதானம் அல்ல. மாற்கு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். ஜனக்கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், மேற்கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு ‘அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ பேசினார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன நம்பினான் என்று அந்த நிகழ்ச்சியில் ஒரு வார்த்தையும் இல்லை. கெத்செமனே தோட்டத்தில், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருப்பதாக இயேசுவே சீடர்களிடம் சொல்கிறார். அவர்களிடம் அவர் அப்போது விளக்கமோ போதனையோ கேட்கவில்லை. ‘என்னோடேகூட விழித்திருங்கள்’ என்று மட்டும் கேட்கிறார். அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

வேதாகமம் இருளை எவ்வளவு தூரம் அனுமதிக்கிறது என்பதற்கு 88-ஆம் சங்கீதம் ஒரு வியப்பான சான்று. புலம்பலாகத் தொடங்கும் பெரும்பாலான சங்கீதங்கள் நடுவிலேயோ முடிவிலேயோ ஒரு திருப்பம் கண்டு, துதியில் போய் முடிகின்றன. இந்தச் சங்கீதத்துக்கு அந்தத் திருப்பம் கிடைக்கவில்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். ஆராதனைக்கான பாட்டுகளைத் தொகுத்தவர்கள் அதை நீக்கியிருக்கலாம், கடைசியில் ஓர் ஆறுதல் வரியைச் சேர்த்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், வெளிச்சம் காணாத ஒருவரின் குரலையும் ஜெபம் என்று ஏற்று அவர்கள் பாதுகாத்தார்கள். ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்ற அதன் முதல் விளிப்பைத் தவிர வேறு பிடிமானம் அதில் எதுவும் இல்லை. மனச்சோர்வின் ஆழத்தில் இருக்கும் ஒருவருக்கு 23-ஆம் சங்கீதத்தைவிட இது நெருக்கமாக இருக்கக்கூடும்.

எலியாவின் கதையும் அப்படியே. கர்மேல் மலையில் பெருவெற்றி கண்ட சிறிது காலத்திலேயே அவர் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அவருக்குக் கிடைத்த முதல் பதிலில் கண்டனம் இல்லை, உபதேசமும் இல்லை. உறங்கவிட்டு, எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொல்கிறார் தேவதூதர். நீ போகவேண்டிய பயணம் வெகுதூரம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மெல்லிய சத்தத்தில் தேவன் பேசுவது அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் நம் சபைகளில் மனநோயாளிகள் ஏன் வாய் திறக்கத் தயங்குகிறார்கள் என்று யோசித்தால், சாட்சி சொல்லும் மரபின் அமைப்பும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் சாட்சிகள் எப்போதும் இறந்தகாலத்தில் சொல்லப்படுகின்றன. நோய் இருந்தது, உபவாசம் இருந்து ஜெபித்தோம், கர்த்தர் விடுதலை தந்தார். இந்த வாக்கிய அமைப்புக்குள் நீண்டகாலம் நிகழ்காலத்திலேயே வாழும் ஒருவருக்கு, அதாவது மாத்திரையோடும் மறுபடி மறுபடி வரும் நோயோடும் வாழும் ஒருவருக்கு, இடமே கிடையாது. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்று எழுதியதை நாம் வாசிக்கிறோம், ஆனால் அப்படியொரு சாட்சியைச் சபை நடுவில் கேட்ட நினைவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கும்? லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் இந்த விஷயத்தில் அரிய விதிவிலக்கு. 1856 அக்டோபர் 19 அன்று அவர் பேசிய அரங்கில் யாரோ தீ என்று கத்தியதால் எழுந்த நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அதன் பிறகு ஆயுள் முழுதும் தன்னை விடாமல் வந்த மனச்சோர்வைப் பற்றி, ஊழியத்துக்குப் பயின்ற மாணவர்களிடமே அவர் வெளிப்படையாகப் பேசினார்.

சாட்சி மரபின் இந்த அழுத்தம் சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. குணமளிக்கும் கூட்டத்தில் எழுந்து நின்றவர், விசுவாசத்தைக் காட்டுவதற்காக மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார். சில வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் திரும்புகிறது. முதல் முறை நோய் மட்டுமே இருந்தது, இரண்டாம் முறை தன் விசுவாசம் தோற்றுவிட்டது என்ற குற்ற உணர்வும் கூட வருகிறது. மனநல மருந்துகளைத் தொடங்குவதும் குறைப்பதும் மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டவே பல வாரங்கள் ஆகலாம் என்பதைப் போதகர்களும் அறிந்திருந்தால், எத்தனையோ பேர் முதல் மாதத்திலேயே கைவிடாமல் இருப்பார்கள்.

பிசாசு பிடித்தது என்ற பேச்சும் இங்கே எழும். கல்லறைகளில் குடியிருந்த மனிதனைப் பற்றி மாற்கு 5-ஆம் அதிகாரம் சொல்வதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தை ஊன்றி வாசித்தால், அவனைச் சங்கிலிகளாலும் விலங்குகளாலும் கட்டியவர்கள் ஊரார் என்பது தெரியும். அவன் தெளிவடைந்து ஆடை உடுத்தி உட்கார்ந்திருக்கும்போது இயேசு அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், உன் வீட்டுக்குப் போ என்று அவனுடைய இனத்தாரிடமே அனுப்புகிறார். அந்தப் பகுதியை மேற்கோள் காட்டிக்கொண்டு ஒருவரைக் கட்டிவைப்பதும், அடிப்பதும், பட்டினி போடுவதும் சுவிசேஷத்துக்கு நேர்மாறானவை. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது.

இதே கிறிஸ்தவ மரபு, சிகிச்சையைத் தன் ஊழியத்தின் பகுதியாகவே கண்ட மனிதர்களையும் நமக்குத் தந்திருக்கிறது. அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரியான ஸ்டான்லி ஜோன்ஸ், இந்தியாவில் ஊழியம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மீண்டும் மீண்டும் மனமும் உடலும் தளர்ந்து விழுந்தவர். தன் அனுபவத்தை மறைக்காத அவர், 1950-இல் லக்னோவில் ஒரு மனநல மருத்துவ மையத்தை நிறுவினார். அதன் பெயர் நூர் மன்சில், ஒளியின் இல்லம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பாகாயம் மனநல மையம், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைக்காமல், குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்குப் பெயர்பெற்றது. நான்கு பேர் சுமந்து வந்த கட்டிலின் நினைவு இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது வராமல் இருப்பதில்லை.

தேவை எவ்வளவு பெரிது என்பதை 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு காட்டியது. ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் வயதுவந்தோரில் 10 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலான கோளாறுகளில், பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கும் மேலாக எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை. இருநூறு பெரியவர்கள் கூடும் ஒரு சபையில் இருபது பேர் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது வருவதை நிறுத்திவிட்டார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரை போனவர்களும் அவர்களில் இருக்கலாம். அந்த எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பதால் அது வளராது. கேட்டபின் தனியே விடாமல் உடனிருப்பதும், மருத்துவரிடம் அழைத்துப்போவதும், டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை அவரோடு சேர்ந்து அழைப்பதும் ஜெபத்துக்குக் குறைவான செயல்கள் அல்ல.

ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்கான ஜெபக்குறிப்புகள் வாசிக்கப்படும் நேரம் ஒன்று உண்டு. இருதய அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவரின் பெயர், காலெலும்பு முறிந்தவரின் பெயர், சிறுநீரகச் சிகிச்சையில் இருப்பவரின் பெயர் எல்லாம் வரும். மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டிருப்பவரின் பெயர் வருவதில்லை. அவர் வெளியூர் போயிருப்பதாக வீட்டார் சொல்லியிருப்பார்கள். அவருடைய சம்மதத்தோடு, அந்தப் பெயரும் மற்றப் பெயர்களுக்கு நடுவே, அதே குரலில், அதே வேகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படுமானால், அன்று தனக்காக ஒரு வார்த்தையும் ஜெபிக்க முடியாமல் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அவருக்காக இருநூறு பேர் ஆமென் சொல்லியிருப்பார்கள்.